சிஎல்பியை சிஎல்எல்இ ஆக்கியதிலிருந்து ஓவர்ரைடு ஒட்டிக்கொண்டு போக மறுக்கிறது, ஆக்டிவேஷன் குரூப்தான் காரணமா?

பச்சைத்திரை:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐபிஎம் ஐ (பழைய ஏஎஸ்/400-இன் வாரிசான சிஸ்டம்) 7.4-ல் ஓடும் பழைய விற்பனை அப்ளிகேஷன் ஒன்று என் தலையில் விழுந்திருக்கிறது. எழுதியவர்கள் யாரும் இப்போது இல்லை. மேலே ஒரு மெனு சிஎல்பி (பழைய வகை சிஎல் கட்டளை புரோகிராம்), ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் கீழே ஒரு சிஎல்பி, அது ஓவர்ரைடு போட்டுவிட்டு, அதாவது எந்த ஃபைலை, அதன் எந்தப் பகுதியைத் திறப்பது என்று மாற்றிவிட்டு, ஆர்பிஜி மொழி புரோகிராம்களை அழைக்கும். குழுமத்தில் நான்கு நிறுவனங்கள். விற்பனை ஃபைல் ஒன்றுதான், நிறுவனத்துக்கு ஒரு மெம்பர், அதாவது ஃபைலுக்குள் ஒரு தனிப் பகுதி. ஓவர்ரைடு இல்லாவிட்டால் திறக்கும் முதல் மெம்பர் தாய் நிறுவனத்துடையது என்பதால் அதற்கு மட்டும் ஓவர்ரைடு போடாமல் நேரே ஆர்பிஜியை அழைத்துவிடுவார்கள், மற்ற மூன்றுக்கும் ஓவிஆர்டிபிஎஃப் (ஓவர்ரைடு கட்டளை) போட்டு மெம்பரை மாற்றுவார்கள். அழகான ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன், ஆனால் இத்தனை வருடமாகச் சத்தமில்லாமல் ஓடியது.

போன மாதம் வரிக் கணக்கை ஒரு சர்வீஸ் புரோகிராமுக்கு (பல புரோகிராம்கள் பகிரும் புரொசீஜர்களின் தொகுப்பு) கொண்டுபோனோம். சிஎல்லிலிருந்தே அந்த புரொசீஜரை அழைக்க வேண்டியிருந்ததால் ஆப்ஷன் சிஎல்பிகள் எல்லாவற்றையும் சிஎல்எல்இ (புதிய வகை சிஎல்) ஆக்கி, டீஃபால்ட் ஆக்டிவேஷன் குரூப் *நோ, குரூப் பெயர் க்யூஐஎல்இ என்று கொடுத்து கம்பைல் செய்தேன். அந்த ஒரு கால் தவிர சோர்ஸில் வேறு எதையும் தொடவில்லை. மெனு மட்டும் சிஎல்பியாகவே இருக்கிறது. டெஸ்டில் எல்லாம் சரியாக வந்தது.

லைவில் போட்ட மூன்றாம் நாள் கணக்குப் பிரிவிலிருந்து போன். தாய் நிறுவனத்தின் பில்கள் சில இரண்டாவது நிறுவனத்தின் மெம்பரில் போய் உட்கார்ந்திருக்கின்றன. தோண்டிப் பார்த்ததில், ஒரே ஆள் சைன் ஆஃப் செய்யாமல் முதலில் இரண்டாவது நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு அப்புறம் தாய் நிறுவனத்துக்கு வந்தால்தான் இது நடக்கிறது. பேட்ச் ஜாபில் நடப்பதே இல்லை. இன்னொரு பக்கம், மாத ரிப்போர்ட் ஒன்று நேர் எதிராக நடக்கிறது, எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தாலும் தாய் நிறுவனத்தின் கணக்கையே காட்டுகிறது. ஒரு இடத்தில் ஓவர்ரைடு போக மாட்டேன் என்கிறது, இன்னொரு இடத்தில் வர மாட்டேன் என்கிறது.

ஏதோ மிச்சம் மீதி தங்கிவிடுகிறது என்று நினைத்து மெனுவில் ஒவ்வொரு ஆப்ஷனும் முடிந்ததும் ஆர்சிஎல்ஆர்எஸ்சி (மிச்சத்தை அள்ளும் கட்டளை) போட்டேன். முதல் பிரச்சினை அப்படியே இருக்கிறது, புதிதாக ஒன்று முளைத்தது: விசாரணைத் திரையை இரண்டாவது முறை திறந்தால் சர்வீஸ் புரோகிராமுக்குள் வரி ஃபைலைப் படிக்கும் இடத்தில் ஃபைல் திறக்கப்படவில்லை என்று விழுகிறது. முதல் முறை ஒழுங்காகப் படித்த அதே ஃபைல்!

ஆக்டிவேஷன் குரூப் பற்றி எனக்குத் தெரிந்தது கம்பைல் கட்டளையில் வரும் ஒரு பேராமீட்டர் என்ற அளவில்தான். எங்கே தப்பு செய்தேன்?

எல்ஆர்_ஆன்:

எல்லாவற்றையும் *காலர் (அழைத்தவரின் குரூப்பிலேயே ஓடு) என்று போட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள், முடிந்தது. எங்கள் இடத்தில் பதினைந்து வருடமாக அப்படித்தான். இந்த குரூப் விவகாரத்தில் அதிகம் இறங்கினால் தலைவலிதான் மிச்சம்.

கால்_ஸ்டாக்:

மேலே நண்பர் சொன்னதைச் செய்தால் உங்கள் முதல் இரண்டு பிரச்சினைகள் மறைந்துவிடும், மூன்றாவது இன்னும் பரவும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள்.

ஜாப் என்பது ஒரு வீடு என்றால் ஆக்டிவேஷன் குரூப் அதற்குள் ஒரு அறை. ஒரு புரோகிராம் முதல் முறை அழைக்கப்படும்போது அதன் ஸ்டாடிக் மாறிகளுக்கு எங்கே இடம் ஒதுக்குவது, அது திறக்கும் ஃபைல் எந்தக் கணக்கில் சேருவது, அது போடும் ஓவர்ரைடு எதுவரை செல்லும், கமிட்மென்ட் கன்ட்ரோல் (மாற்றங்களை மொத்தமாக உறுதிசெய்வது அல்லது திரும்பப் பெறுவது) யாருடையது, பிடிக்கப்படாத எர்ரர் எந்த எல்லையில் போய் நிற்பது என்று இவ்வளவையும் முடிவு செய்வது அந்த அறைதான். அதே சமயம் லைப்ரரி லிஸ்ட், க்யூடெம்ப் (தற்காலிக லைப்ரரி), எல்டிஏ (ஜாபின் சிறு தரவுப் பகுதி) இவையெல்லாம் முழு வீட்டுக்கும் பொது. பலர் குழம்புவது இங்கேதான், பாதி விஷயம் ஜாப் அளவில், பாதி விஷயம் குரூப் அளவில்.

ஜாப் தொடங்கும்போதே சிஸ்டம் இரண்டு அறைகளைக் கட்டிவிடுகிறது, 1-ம் எண் சிஸ்டத்துக்கு, 2-ம் எண் நமக்கு. இரண்டையும் சேர்த்துத்தான் டீஃபால்ட் ஆக்டிவேஷன் குரூப் என்கிறோம். ஜாப் முடியும்வரை இவற்றை யாராலும் இடிக்க முடியாது. 1988-ல் ஏஎஸ்/400 வந்தபோது இருந்த ஓபிஎம் (பழைய புரோகிராம் மாடல்) புரோகிராம்கள், அதாவது உங்கள் சிஎல்பி போன்றவை, எப்போதும் அங்கேதான் ஓடும். ஐஎல்இ என்ற புதிய மாடல் பின்னால் வந்தது, ஆர்பிஜிக்கு 1994-ல். அதற்கு முன் எழுதப்பட்ட கோட் எதுவும் உடையக்கூடாது என்பதற்காக டீஃபால்ட் குரூப்பில் பழைய நடத்தையையும் மற்ற குரூப்களில் புதிய நடத்தையையும் வைத்தார்கள். நீங்கள் மாட்டியது சரியாக அந்தக் கோட்டின் மேல்.

இனி உங்கள் ஓவர்ரைடுக்கு வருவோம். ஓவிஆர்டிபிஎஃப் கட்டளையில் ஓவிஆர்ஸ்கோப் என்று ஒரு பேராமீட்டர் இருக்கிறது, யாரும் அதைத் தொடுவதில்லை, அதன் டீஃபால்ட் *ஆக்ட்ஜிஆர்பிடிஎஃப்என். இதன் அர்த்தம்: கட்டளை ஓடும் சிஎல் டீஃபால்ட் குரூப்பில் இருந்தால் ஓவர்ரைடு அந்தக் கால் லெவலுக்கு (அந்த அழைப்புக்கும் அதற்குக் கீழே உள்ளவற்றுக்கும்) மட்டும், வேறு எந்தக் குரூப்பில் இருந்தாலும் அந்தக் குரூப் முழுக்க. உங்கள் சிஎல்பி காலத்தில் அது கால் லெவல். சிஎல்பி வேலை முடிந்து திரும்பியதும் ஓவர்ரைடு தானாகப் போய்விட்டது, ஓவர்ரைடை நீக்கும் டிஎல்டிஓவிஆர் போட மறந்ததை யாரும் கவனிக்கவில்லை. இப்போது அதே வரி க்யூஐஎல்இ குரூப்பின் சொத்து. சிஎல்எல்இ திரும்பினாலும் குரூப் உயிரோடு இருக்கிறது, ஓவர்ரைடும் இருக்கிறது. அடுத்து தாய் நிறுவனத்துக்கு வருகிறார், அங்கே ஓவர்ரைடு போடும் வரியே இல்லை, ஆர்பிஜியும் க்யூஐஎல்இயில்தான் ஓடுகிறது, பழைய மெம்பரை நேராகத் திறந்து எழுதிவிட்டது. இரண்டாவதிலிருந்து மூன்றாவது நிறுவனத்துக்குப் போனால் பிரச்சினை வராது என்று பந்தயம் கட்டுகிறேன், ஏனென்றால் ஒரே குரூப்பில் ஒரே ஃபைலுக்குப் புதிய ஓவர்ரைடு வந்தால் பழையதை அது மாற்றிவிடும். பேட்ச் ஜாபில் வராததற்குக் காரணம், ஒரு ஜாபில் ஒரு நிறுவனம்தான், ஜாப் முடிந்தால் எல்லாம் காலி.

ரிப்போர்ட் புரோகிராமை டிஎஸ்பிபிஜிஎம் (புரோகிராம் விவரம் காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள். ஆக்டிவேஷன் குரூப் அட்ரிபியூட் *நியூ (ஒவ்வொரு அழைப்புக்கும் புதிய குரூப்) என்றோ வேறு ஏதாவது பெயர் என்றோ இருக்கும். ஒரு குரூப்பின் அளவில் போட்ட ஓவர்ரைடு அடுத்த குரூப்பில் திறக்கும் ஃபைலுக்குப் பொருந்தாது. கால் லெவலில் போட்டது அப்படி இல்லை, கீழே அழைக்கப்படும் புரோகிராம் எந்தக் குரூப்பில் இருந்தாலும் அதற்குக் கிடைக்கும். அதனால்தான் முன்பு வேலை செய்தது.

மூன்றாவது எனக்குப் பிடித்தது, ஏனென்றால் நானே அதில் ஒரு வாரம் தொலைத்திருக்கிறேன். விசாரணைத் திரை அநேகமாக *காலர் என்று கம்பைல் செய்யப்பட்டு மெனுவிலிருந்து நேரே அழைக்கப்படுகிறது. மெனு ஓபிஎம், ஆக விசாரணைத் திரை டீஃபால்ட் குரூப்பில் ஓடுகிறது, அதன் பின்னாலேயே *காலர் சர்வீஸ் புரோகிராமும் அங்கே போய்விட்டது. இந்த நிலையில் ஆர்சிஎல்ஆர்எஸ்சி போட்டால் அது சர்வீஸ் புரோகிராம் திறந்து வைத்த ஃபைலை மூடிவிடும், ஆனால் சர்வீஸ் புரோகிராமின் ஸ்டாடிக் மாறிகளைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகாது. புரோகிராமின் ஞாபகத்தில் ஃபைல் திறந்திருக்கிறது, நிஜத்தில் மூடிக் கிடக்கிறது. அடுத்த ரீடில் விழாமல் என்ன செய்யும்? அந்தக் கட்டளை ஓபிஎம் காலத்து ஆயுதம், க்யூஐஎல்இ போன்ற குரூப்களை அது தொடுவதும் இல்லை, அதனால் முதல் பிரச்சினைக்கும் உதவவில்லை.

கம்பைல் செய்யும்போது கொடுக்கும் ஒரு சொல்தான், ஆனால் அது என்ன கேட்கிறது என்றால் 'இவன் விட்டுப்போகும் குப்பையை யார், எப்போது அள்ளுவது' என்று. க்யூஐஎல்இ என்று பதில் சொன்னால் 'யாரோ, எப்போதோ' என்று சொன்ன மாதிரி.

எல்ஆர்_ஆன்:

நல்ல விளக்கம், மறுக்கவில்லை. ஆனால் நீங்களே ஒத்துக்கொண்டீர்கள், எல்லாம் *காலர் ஆனால் ஓவர்ரைடு பழையபடி கால் லெவல் ஆகிவிடும், அவருடைய பில் சரியாகும். ஆர்சிஎல்ஆர்எஸ்சியை எடுத்துவிட்டால் மூன்றாவதும் இல்லை. எதற்குப் புதிதாக அறை கட்டுவது?

இரவுபேட்ச்:

பில் சரியாகும், அதோடு நின்றால் பரவாயில்லை. *காலர் என்று மேலிருந்து கீழ்வரை போட்டு மெனு ஓபிஎம் ஆக இருந்தால் ஐஎல்இ புரோகிராம்கள் எல்லாம் டீஃபால்ட் குரூப்பில் குவியும். அதை இடிக்க முடியாது என்று மேலே சொல்லியாயிற்று. காலையில் சைன் ஆன் செய்தவர் மாலைவரை உட்கார்ந்திருந்தால் அவர் தொட்ட ஒவ்வொரு சர்வீஸ் புரோகிராமின் ஸ்டாடிக் இடமும் அப்படியே கிடக்கும். ஆர்சிஎல்ஆர்எஸ்சி அந்த இடத்தைத் திருப்பித் தராது, பழைய ஓபிஎம் புரோகிராம்களுக்கும் டீஃபால்ட் குரூப் *எஸ் என்று கம்பைல் செய்த ஆர்பிஜி, சிஎல்லுக்கும் மட்டும்தான் தரும்.

இன்னொரு தொல்லை, கேள்வி கேட்டவருக்கு இது கட்டாயம் வரும். சர்வீஸ் புரோகிராமை மாற்றி கம்பைல் செய்தால் பழைய ஆப்ஜெக்ட் க்யூஆர்பிஎல்ஓபிஜே லைப்ரரிக்குப் போகும், ஏற்கெனவே அதை ஆக்டிவேட் செய்து வைத்திருக்கும் ஜாப்கள் அந்தப் பழையதையே ஓட்டிக்கொண்டிருக்கும். 'திருத்திவிட்டேன் என்கிறீர்கள், எனக்கு இன்னும் பழைய மாதிரிதான் வருகிறது' என்று பாதிப்பேர் சொல்வார்கள், மீதிப் பேருக்குச் சரியாக வரும். குரூப்பை இடிக்க முடிந்தால் மெனுவுக்குத் திரும்பி மறுபடி உள்ளே போனாலே புதியது வந்துவிடும். டீஃபால்ட் குரூப்பில் கிடந்தால் எல்லோரையும் சைன் ஆஃப் செய்யச் சொல்லிக் கெஞ்ச வேண்டும்.

ஆனால் எதிர்ப்பக்கமும் ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் விழுந்தவன் நான். *நியூ சுத்தமானது, புரோகிராம் திரும்பியதும் குரூப்பே போய்விடும், எந்த மிச்சமும் இல்லை என்று படித்துவிட்டு ஒரு தள்ளுபடி கணக்கிடும் புரோகிராமை *நியூ ஆக்கினேன். அதை இரவு பேட்ச் ஒன்று ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் ஒருமுறை அழைக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் அறை கட்டி, ஃபைல் திறந்து, ஒரு கூட்டல் போட்டு, ஃபைல் மூடி, அறையை இடித்து... விடிந்து ஆட்கள் வேலைக்கு வந்த பிறகும் அது முடியவில்லை. *நியூ வாசலில் நிற்க வேண்டியது, அதாவது ஒரு ஆப்ஷனுக்கு ஒருமுறை நுழையும் புரோகிராமில். உள்ளே லூப்பில் சுற்றும் புரோகிராமில் இல்லை.

நான் இப்போது செய்வது: அப்ளிகேஷனுக்கு என்று ஒரு பெயர் வைத்த குரூப், வாசல் புரோகிராம்களுக்கு மட்டும் அந்தப் பெயர், உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் *காலர். சர்வீஸ் புரோகிராம் *காலர். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், *காலர் சர்வீஸ் புரோகிராமை இரண்டு குரூப்களிலிருந்து அழைத்தால் ஒரே ஜாபுக்குள் அதற்கு இரண்டு பிரதி ஸ்டாடிக் மாறிகள் இருக்கும். ஒன்றில் வைத்த மதிப்பு அடுத்ததில் தெரியாது. வாசல் சீராக இருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

க்யூஐஎல்இ மட்டும் வேண்டாம். அந்தப் பெயரில் சிறப்பு ஒன்றும் இல்லை, கம்பைல் கட்டளையின் டீஃபால்டாக வந்ததால் எல்லோரும் அங்கேயே இறங்குகிறார்கள். வெளியிலிருந்து வாங்கிய ஒரு பேக்கேஜும் அதே க்யூஐஎல்இயில் ஓடினால் நீங்கள் அதை இடிக்கும்போது அவர்கள் திறந்து வைத்த ஃபைலும் சேர்ந்து போகும்.

பச்சைத்திரை:

கால்_ஸ்டாக், பந்தயம் நீங்கள் ஜெயித்தீர்கள். இரண்டாவதிலிருந்து மூன்றாவது நிறுவனத்துக்குப் போனால் சரியாகவே எழுதுகிறது. தாய் நிறுவனத்துக்கு வந்தால் மட்டும்தான் கோளாறு. இரண்டு நாளாக நான் நிறுவனக் குறியீட்டில் ஏதோ தப்பு என்று தேடிக்கொண்டிருந்தேன்.

டெஸ்ட் செஷனில் டிஎஸ்பிஜாப் (ஜாபின் விவரம் காட்டும் கட்டளை) போட்டு ஆப்ஷன் 18 பார்த்தேன். டீஃபால்ட் குரூப், க்யூஐஎல்இ, அப்புறம் நான் கேள்வியே படாத பெயரில் ஒரு குரூப், அது பிரிண்ட் பேக்கேஜுடையது போலிருக்கிறது. ஆப்ஷன் 15-ல் ஓவர்ரைடு, மெனுவுக்குத் திரும்பி வந்த பிறகும் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. ரிப்போர்ட் புரோகிராம் *நியூ, யாரோ எப்போதோ வைத்தது. விசாரணைத் திரை *காலர். எல்லாம் நீங்கள் சொன்னபடி.

இப்போதைக்கு என்ன செய்வது, அப்புறம் நிதானமாக என்ன செய்வது என்று இரண்டாகப் பிரித்துச் சொன்னால் நன்றாக இருக்கும். நாளைக் காலைக்குள் தப்பான பில் விழுவது நிற்க வேண்டும்.

கால்_ஸ்டாக்:

இன்று இரவே செய்ய வேண்டியது: எல்லா ஓவிஆர்டிபிஎஃப் வரிகளிலும் ஓவிஆர்ஸ்கோப் *கால்எல்விஎல் என்று வெளிப்படையாக எழுதுங்கள், சிஎல்எல்இக்களை மறுபடி கம்பைல் செய்யுங்கள், மெனுவில் போட்ட ஆர்சிஎல்ஆர்எஸ்சியை எடுத்துவிடுங்கள். இதோடு மூன்றும் நிற்கும், *நியூ ரிப்போர்ட்டுக்கும் ஓவர்ரைடு கிடைத்துவிடும். ஏற்கெனவே சைன் ஆன் ஆகியிருப்பவர்களின் ஜாபில் பழைய ஓவர்ரைடு ஒட்டிக்கொண்டிருக்கும், அவர்கள் மட்டும் ஒருமுறை வெளியே போய் வர வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சில இடங்களில் ஓவர்ரைடுகளை எல்லாம் ஒரு பொது சிஎல்லில் வைத்து, அதை அழைத்துவிட்டு வந்து ஆர்பிஜியை அழைப்பார்கள். உங்களிடம் அப்படி ஏதாவது இருந்தால் கால் லெவல் உதவாது, பொது சிஎல் திரும்பிய நொடியே ஓவர்ரைடு போய்விடும். ஆர்பிஜிக்குள்ளிருந்து க்யூசிஎம்டிஇஎக்ஸ்சி (கட்டளையை ஓட்டித்தரும் சிஸ்டம் புரோகிராம்) வழியாகப் போட்டால் அது அந்த ஆர்பிஜியின் கால் லெவலில் போட்ட கணக்கு, அது பரவாயில்லை. *ஜாப் என்று போட்டுத் தப்பிக்கலாம் என்று தோன்றும், வேண்டாம், இப்போது ஒரு குரூப்பில் ஒட்டியிருப்பது அப்புறம் ஜாப் முழுக்க ஒட்டும்.

தாய் நிறுவனத்துக்கும் ஓவர்ரைடு எழுதிவிடுங்கள். இத்தனை குழப்பத்துக்கும் வழி விட்டது அந்த 'முதல் மெம்பர்தானே' என்ற சோம்பல்தான்.

நிதானமாகச் செய்ய வேண்டியது இரவுபேட்ச் சொன்னது. ஆப்ஷன் சிஎல்எல்இக்கள்தான் உங்கள் வாசல், அவற்றுக்கு உங்கள் பெயரில் ஒரு குரூப். மெனுவிலிருந்து நேரே அழைக்கப்படும் விசாரணைத் திரையும் வாசல்தான், அதையும் *காலரிலிருந்து அந்தப் பெயருக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் டீஃபால்ட் குரூப் பள்ளம் அப்படியே இருக்கும். உள்ளே உள்ள ஆர்பிஜி எல்லாம் *காலர். ஒவ்வொரு ஆப்ஷன் முடிந்ததும் மெனு ஆர்சிஎல்ஆக்ட்ஜிஆர்பி போட்டு அந்தப் பெயரை மட்டும் இடிக்கட்டும். மெனு அந்தக் குரூப்புக்கு வெளியே இருப்பதால் இது முடியும், ஏனென்றால் கால் ஸ்டாக்கில் ஒரு புரோகிராமாவது உள்ளே இருந்தால் அந்தக் குரூப்பை இடிக்க சிஸ்டம் விடாது. பெயருக்குப் பதில் *எலிஜிபிள் என்று கொடுத்தால் சும்மா கிடக்கும் எல்லாக் குரூப்பும் போகும், நீங்கள் கேள்விப்படாத அந்த பிரிண்ட் பேக்கேஜ் குரூப் உட்பட. அது எப்போது எப்படி வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

எந்தப் புரோகிராம் எந்தக் குரூப் என்று ஒவ்வொன்றாக டிஎஸ்பிபிஜிஎம் போட வேண்டாம், 7.4-ல் க்யூசிஸ்2 லைப்ரரியில் புரோகிராம் இன்ஃபோ என்று ஒரு வியூ இருக்கிறது, பிடிஎஃப் (ஐபிஎம்மின் திருத்தங்கள்) ஓரளவு புதியதாக இருந்தால் ஒரு செலக்டில் முழு லைப்ரரியும் வந்துவிடும்.

கமிட்_போடு:

மாற்றுவதற்கு முன் ஒரு கேள்வி, உங்கள் ஆர்பிஜியில் எஸ்க்யூஎல் இருக்கிறதா? இருந்தால் *நியூவிலிருந்து பெயர் வைத்த குரூப்புக்கோ *காலருக்கோ மாற்றும்போது இரண்டு இடத்தில் அடிபடும்.

கர்சரை (எஸ்க்யூஎல் விடையை வரிசையாகப் படிக்க உதவுவது) ஓப்பன் செய்துவிட்டு க்ளோஸ் செய்யாமல் விடும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. எஸ்க்யூஎல் ஆர்பிஜி கம்பைல் கட்டளையில் கர்சரை எப்போது மூடுவது என்பதற்கான டீஃபால்ட் *எண்ட்ஆக்ட்ஜிஆர்பி, குரூப் முடியும்போது. *நியூவில் புரோகிராம் திரும்பியதும் குரூப் முடிகிறது, கர்சரும் மூடிவிடும், யாருக்கும் உறைக்காது. பெயர் வைத்த குரூப்பில் எல்ஆர் (ஆர்பிஜியில் புரோகிராம் முடிந்தது என்னும் கொடி) ஆன் செய்து திரும்பினாலும் கர்சர் திறந்தே இருக்கும், இரண்டாவது அழைப்பில் ஓப்பன் செய்யும்போது எஸ்க்யூஎல்கோட் -502 வரும், கர்சர் ஏற்கெனவே திறந்திருக்கிறது என்று. அதைவிட மோசம் எது தெரியுமா, எஸ்க்யூஎல்கோடையே பார்க்காத புரோகிராம். அது பாட்டுக்குப் பழைய கர்சரிலிருந்து பழைய வரிசையின் தொடர்ச்சியைப் படித்துக்கொண்டு போகும், ரிப்போர்ட் ஏன் பாதியில் தொடங்குகிறது என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

அடுத்தது கமிட். கமிட்மென்ட் கன்ட்ரோலைத் தொடங்கும் எஸ்டிஆர்சிஎம்டிசிடிஎல் கட்டளை டீஃபால்டாக அதை குரூப் அளவில்தான் தொடங்கும். ஹெட்டரை எழுதும் புரோகிராம் ஒரு குரூப்பிலும் வரிகளை எழுதும் புரோகிராம் இன்னொரு குரூப்பிலும் இருந்தால் அவை இரண்டு தனித்தனி பரிவர்த்தனைகள். ஒன்றில் கமிட் செய்தால் அடுத்தது காத்துக்கொண்டிருக்கும். எங்கள் இடத்தில் ஒருமுறை ரெக்கார்ட் லாக் என்று ஒரு திரை உறைந்து நின்றது, பிடித்து வைத்திருப்பது யார் என்று பார்த்தால் அதே ஜாப். தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு விடு விடு என்று கத்திக்கொண்டிருந்தது.

ஆர்சிஎல்ஆக்ட்ஜிஆர்பியிலும் இது உண்டு. சாதாரணமாக இடித்தால் கமிட் ஆகாமல் கிடக்கும் மாற்றங்கள் கமிட் ஆகிவிடும், *அப்நார்மல் என்று கொடுத்தால் ரோல்பேக் ஆகும். புரோகிராம் பாதியில் விழுந்து, மெனுவில் மானிட்டர் மெசேஜ் அதை விழுங்கிவிட்டு, கவலையே இல்லாமல் குரூப்பை இடித்தால் பாதி பில் நிரந்தரமாகிவிடும். பிடிக்கப்படாத எர்ரர் குரூப்பின் எல்லைவரை வந்துவிட்டால் சிஸ்டமே அந்தக் குரூப்பை முடித்து மேலே சிஇஇ9901 என்ற எர்ரர் மெசேஜை அனுப்பும், அங்கே ரோல்பேக் நடக்கும். நீங்கள் நடுவில் பிடித்து விழுங்கினால் அந்தப் பாதுகாப்பும் போச்சு. அதனால் மெனுவில் ஒரு கொடி வைத்து, ஆப்ஷன் எர்ரரோடு திரும்பினால் *அப்நார்மல் என்று இடியுங்கள்.

எல்ஆர்_ஆன்:

-502 எனக்கும் வந்திருக்கிறது, அப்போது கர்சர் மூடும் பேராமீட்டரை *எண்ட்மாட் (மாட்யூல் முடிந்ததும் மூடு) ஆக்கிவிட்டுப் போய்விட்டேன். இப்போதுதான் ஏன் வந்தது என்று புரிகிறது.

கமிட்_போடு:

*எண்ட்மாட் தப்பில்லை, ஆனால் ஒவ்வொரு அழைப்பிலும் கர்சரை மறுபடி தயார் செய்யும் வேலை கூடும். ஒழுங்காக க்ளோஸ் எழுதுவது மலிவு.

பச்சைத்திரை:

எழுத நேரமாகிவிட்டது, மன்னிக்கவும். நேற்று இரவு *கால்எல்விஎல் மாற்றம் லைவில் போனது. காலையிலிருந்து நானே நான்கு நிறுவனத்திலும் மாறி மாறி உள்ளே போய் வந்து பார்த்தேன், ஒவ்வொரு பில்லும் அதனதன் மெம்பரில். ரிப்போர்ட்டும் சரி. தப்பாக விழுந்த பில்களை ஜர்னலிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருக்கிறேன், அது தனிச் சோகம்.

பொது ஓவர்ரைடு சிஎல் ஒன்று இருந்தது, எச்சரித்ததற்கு நன்றி, இல்லாவிட்டால் அங்கே மாட்டியிருப்பேன். அதை உடைத்து அழைத்த இடங்களிலேயே எழுதிவிட்டேன்.

புரோகிராம் இன்ஃபோ வியூவில் செலக்ட் போட்டுப் பார்த்தால் விற்பனை லைப்ரரியில் மட்டும் க்யூஐஎல்இ, *நியூ, *காலர், டீஃபால்ட், அப்புறம் யாரோ தன் பெயரையே வைத்த ஒரு குரூப், எல்லாம் கலந்து கிடக்கிறது. எஸ்க்யூஎல் ஆர்பிஜி பதினொன்று, அதில் க்ளோஸ் கர்சர் இல்லாதவை ஏழு. அந்த ஏழையும் முதலில் முடித்துவிட்டுத்தான் குரூப் பெயரைத் தொடப் போகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். மெனுவையும் சிஎல்எல்இ ஆக்கினால் அதற்கு எந்தக் குரூப் கொடுப்பது?

இரவுபேட்ச்:

ஆப்ஷன்களுக்கு வைத்த பெயரைக் கொடுக்காதீர்கள், மெனுவே உள்ளே இருந்தால் அந்தக் குரூப்பை மெனுவால் இடிக்க முடியாது. சிஎல்எல்இயை டீஃபால்ட் குரூப் *எஸ் என்றே கம்பைல் செய்யலாம், அதன் கம்பைல் கட்டளையான சிஆர்டிபிஎன்டிசிஎல்லில் டீஃபால்டும் அதுதான், அப்படிச் செய்தால் இப்போது இருப்பதிலிருந்து நடத்தையில் ஒன்றும் மாறாது. ஆனால் அந்த மெனு வேறு எதையும் பைண்ட் செய்து அழைக்கப் போவதில்லை என்றால் அதை சிஎல்பியாகவே விட்டுவிடுங்கள் என்பேன். அது எந்தத் தொந்தரவும் செய்யவில்லை.

எல்ஆர்_ஆன்:

அதில்தான் நான் முதலிலிருந்தே நிற்கிறேன்.